டிகாஷன் இறங்குற நேரம்

டேய் மாப்ள,

எப்படிடா இருக்க? அம்மாவுக்கு கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுதுன்னு எழுதியிருந்த, படிச்சதும் மனசு லேசாச்சு, சொட்டு மருந்தை மட்டும் நேரம் தவறாம விடச் சொல்லு. இங்க பொண்ணு பிளஸ் டூ, வீடே பரபரன்னு கெடக்கு.

நான் வயலின் கத்துக்கிறேன்னு சொன்னேன்ல, 14 மாசம் ஆச்சு. ஆரம்பத்துல வாரம் பூரா தொடாம ஞாயித்துக்கிழமை மட்டும் மூணு மணி நேரம் உக்காந்துருவேன்டா, வெரல் நுனி கன்னிப்போய் தண்ணி பட்டாலே எரியும், அடுத்த ஞாயிறு எடுத்தா கைக்கு எதுவுமே ஞாபகம் இருக்காது. வாத்தியார் ஒரு நாள் கேட்டுட்டு, 20 நிமிஷம் போதும், ஆனா தெனமும் வேணும்னாரு.

அதுல இருந்து காலைல ஃபில்டர்ல வெந்நி ஊத்துனதும் நேரா வயலின்தான், டிகாஷன் இறங்கறதுக்குள்ள ரெண்டு சரளி வரிசை, அதான் ஸரிகம வெச்சு வர்ற முதல் பாடம், மூணு காலத்துலயும், அதாவது மூணு வேகத்துலயும் வந்துரும். பொட்டியை பீரோ மேல வெக்கறதையும் விட்டுட்டேன், இறக்கறதுக்கு சோம்பப்பட்டே எத்தனையோ நாள் போச்சு, இப்ப கட்டில் பக்கத்துலயே இருக்கு. கீதம்ங்கிற சின்னப் பாட்டு வரைக்கும் வந்தாச்சு, இருந்தாலும் காலைல சரளியும், ஸ்வரத்தை ரெட்டை ரெட்டையா வாசிக்கிற ஜண்டையும்தான்.

வீணைல வெரல் வெக்க எடம் காட்டற மெட்டுக்கட்டை இருக்கும், வயலின்ல அது கெடையாதுடா, வெரலை எங்க வெக்கணும்னு காதுதான் சொல்லணும். நான் பழகற மாயாமாளவகௌளை ராகத்துல காந்தாரமும் மத்யமமும், அதான் 'க'வும் 'ம'வும், ஒட்டிக்கிட்டு இருக்கும், ஒரு நூல் தள்ளுனா போச்சு. என் காந்தாரம் சரியாத்தான் இருக்குன்னு எட்டு மாசம் நெனச்சுக்கிட்டு இருந்தேன். ஒரு நாள் காலைல சுருதிப்பெட்டி ஓடிட்டு இருக்கு, வெளிய பால்காரர் பெல் அடிக்கிறாரு, அந்த சத்தத்துக்கு நடுவுல திடீர்னு எனக்கே கேட்டுச்சு, சுருதி கம்மியா இருக்குன்னு. நடுவெரல் தன்னால கொஞ்சம் மேல ஏறுச்சு, ஸ்வரம் போய் சுருதியோட ஒட்டிக்கிச்சு. வாத்தியார் பக்கத்துல இல்ல, யாரும் சொல்லித்தரல. கண்ணு கலங்கிருச்சுடா எனக்கு.

இப்ப பொண்ணுகிட்ட பேசும்போதும் என் கொரல் எங்க ஏறுதுன்னு எனக்கே கேக்குது, கத்தறதுக்கு முன்னாடியே. இது அதனாலதான்னு நான் நம்புறேன்.

நடுவுல சித்தப்பா காரியத்துக்கு ஊருக்குப் போய் அஞ்சு நாள் விட்டுப்போச்சு, திரும்பி வந்து எடுத்தா வில்லு நடுங்குது. முன்னாடின்னா அதோட விட்டிருப்பேன், இந்த தடவை முதல் வரிசையை மட்டும் முதல் காலத்துல வாசிச்சுட்டு எந்திரிச்சேன், மறுநாள் ரெண்டு.

நீ மறுபடி வரையணும், டைமே இல்லன்னு எழுதியிருந்தல்ல? பெரிய தாளெல்லாம் வாங்காத, அம்மாவுக்கு மருந்து விட்டுட்டு அவங்க கண்ணை மூடிப் படுத்திருக்கற அந்த அஞ்சு நிமிஷம் அவங்க கையை வரை, அதே கையை தெனம். பென்சிலை மருந்து டப்பா பக்கத்துலயே வெச்சுடு.

பொங்கலுக்கு வரும்போது நீ வரைஞ்ச நோட்டை எடுத்துட்டு வாடா, எத்தனை பக்கம் இருந்தாலும் சரி. காபி போட்டுட்டு காந்தாரத்தை உனக்கு வாசிச்சுக் காட்டறேன்.

உன்
மாப்ள