குடியிருப்போர் நலச் சங்கம்: 2024–25ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, பேரவைக்கு வந்திருக்கும் சங்க உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

குடிநீர், கொசு மருந்து, தெருவிளக்கு, பொங்கல் விழா என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி ஒதுக்கி ஆண்டறிக்கை எழுதுவது நம் வழக்கம். இவ்வாண்டு அவை அனைத்தையும் இணைப்பில் தந்திருக்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். நான் பேசப்போவது பிள்ளையார் கோயில் முனையில் உள்ள நாற்சந்தியைப் பற்றி மட்டுமே. செயற்குழுக் கூட்டங்களின் பெரும்பகுதி நேரத்தை விழுங்கியது அதுதான் என்பதாலும், நாம் செய்ததையும் செய்யத் தவறியதையும் முழுமையாகப் பதிவு செய்ய வேண்டியிருப்பதாலும் இவ்வாறு முடிவு செய்தேன்.

ஆற்காடு சாலையில் மெட்ரோ இரண்டாம் கட்டத்தின் கலங்கரை விளக்கம் – பூந்தமல்லி வழித்தடப் பணிகள் நடைபெறத் தொடங்கியதிலிருந்து, அந்தச் சாலையின் நெரிசலைத் தவிர்க்க விரும்புகிற தண்ணீர் லாரிகள், பள்ளி வேன்கள், ஷேர் ஆட்டோக்கள், உணவு கொண்டு செல்லும் இளைஞர்கள் எல்லாரும் நம் உட்புறச் சாலையைக் குறுக்கு வழியாகக் கண்டுகொண்டார்கள். அதற்கு முன்பு மாலையில் பிள்ளைகள் இறகுப்பந்து ஆடிய சாலை அது. வண்டிகள் கூடியது மட்டும் ஆபத்துக்குக் காரணமன்று. குறுக்குத் தெருவிலிருந்து வருபவருக்கு நேர்ச்சாலையில் என்ன வருகிறது என்பதே கண்ணில் படாது. இடப்புறத்தில் மதில் சுவரும், பில்லர் பாக்ஸ் எனப்படும் மின்வாரியத்தின் தெருவோர மின்பகிர்வுப் பெட்டியும். வலப்புறத்தில் தாழக் கிளை விட்ட புங்கமரமும், அதன் நிழலுக்காக வரிசையாக நிறுத்தப்படும் கார்களும். வண்டியின் மூக்கைச் சாலைக்குள் நீட்டிய பிறகுதான் எட்டிப் பார்க்கவே முடியும்.

இந்த ஆபத்தின் அளவை அச்சம் என்ற சொல்லால் சொல்வதை விட மீட்டர் கணக்கில் சொல்வது அதிகாரிகளிடம் எடுபடும் என்று, நெடுஞ்சாலைப் பொறியாளராகப் பணியாற்றி ஓய்வு பெற்ற நம் உறுப்பினர் ஒருவர் அறிவுறுத்தினார். சாலைப் பொறியாளர்களின் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்த அளவுகோலின்படி, ஓட்டுநர் ஆபத்தைக் கண்டு, உணர்ந்து, பிரேக் பிடித்து வண்டியை முழுமையாக நிறுத்த, மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் 30 மீட்டரும், 40 கிலோமீட்டர் வேகத்தில் 45 மீட்டரும், 50 கிலோமீட்டர் வேகத்தில் 60 மீட்டரும் தேவைப்படும். குடியிருப்புப் பகுதிகளுக்கு 30 கிலோமீட்டர் என்று 2023ஆம் ஆண்டிலேயே சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை வரம்பு அறிவித்திருக்கிறது. அந்த வேகத்தில் ஒருவர் வந்தாலும்கூட, நம் முனையில் அவர் கண்ணுக்குக் கிடைக்கும் தூரம் அதில் பாதிதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் டேப் வைத்து அளந்தபோது, தேநீர்க் கடையில் நின்றிருந்தவர்கள் நிலத் தகராறு என்று நினைத்துக்கொண்டார்கள்.

ஆண்டின் தொடக்கத்தில், காலை நடை முடித்துத் திரும்பிய நம் மூத்த உறுப்பினர் ஒருவரை இருசக்கர வண்டி இடித்துத் தள்ளியதில் அவருக்கு இடுப்பெலும்பு முறிந்தது. அவர் இன்றும் ஊன்றுகோலுடன்தான் நடக்கிறார். இந்தக் கூட்டத்திற்கு வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார் என்பதில் எனக்கு மகிழ்ச்சி. மனு கொடுப்பது என்று முடிவெடுத்தது அந்த வாரத்தில்தான்.

முதல் மனுவுடன் சென்றபோது எங்களிடம் கேட்கப்பட்ட கேள்வி நியாயமானது: இந்த இடத்தில் எத்தனை விபத்துகள் பதிவாகியுள்ளன? அதற்கு எங்களிடம் விடை இல்லை. ஏனெனில் நம் முனையில் நடப்பவற்றில் பெரும்பாலானவை அங்கேயே பேசித் தீர்க்கப்படுகின்றன. கண்ணாடி உடைந்ததற்குப் பணம், முழங்காலில் சிராய்ப்புக்கு ஒரு மன்னிப்பு, எதிரே உள்ள மருந்துக் கடையில் ஒரு கட்டு, அத்துடன் முடிந்தது. காவல் நிலையம் செல்ல யாரும் விரும்புவதில்லை. அதனால் அரசின் ஏடுகளில் நம் நாற்சந்தி மிகவும் சாதுவான இடம். தேசிய நெடுஞ்சாலைகளில் கூட, சுமார் 500 மீட்டர் நீளத்துக்குள் மூன்று ஆண்டுகளில் உயிரிழப்போ கொடுங்காயமோ நேர்ந்த ஐந்து விபத்துகள் அல்லது பத்து உயிரிழப்புகள் பதிவானால்தான் அந்த இடம் விபத்துக் கரும்புள்ளி ஆகிறது. பதிவே இல்லாத தெருமுனையை யார் கவனிப்பார்கள்?

ஆகவே ஒரு பதிவேடு தொடங்கினோம். அதைப் பராமரிக்க முன்வந்தவர், சங்க உறுப்பினர் அல்லாத, அந்த முனையில் பல ஆண்டுகளாக வண்டி வைத்து அயர்ன் செய்யும் அண்ணன். நாள் முழுதும் அங்கேயே நிற்பவர் அவர் ஒருவர்தான். ஒரு பள்ளி நோட்டில் தேதி, நேரம், எந்தத் திசையிலிருந்து எந்த வண்டி, காயம் உண்டா இல்லையா என்று எழுதினார். மயிரிழையில் தப்பியவற்றையும் சேர்த்தே எழுதினார். எங்கள் இரண்டாவது மனுவுடன் அந்த நோட்டின் நகலை இணைத்தோம். செயற்குழுவின் எல்லாக் கடிதங்களையும் விட அந்த நகல்தான் வேலை செய்தது என்பதை நான் வெளிப்படையாகவே ஒப்புக்கொள்கிறேன். அவருக்குச் சங்கத்தின் சார்பில் பொன்னாடை போர்த்த வேண்டும் என்று தீர்மானித்தோம். பொன்னாடை வேண்டாம், வெயிலுக்கு ஒரு பெரிய குடை போதும் என்றார். குடை வாங்கிக் கொடுக்கப்பட்டது.

எதைக் கேட்பது என்பதில் நமக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருந்தது. அமெரிக்காவில் பிள்ளைகள் வசிக்கும் உறுப்பினர்கள் சிலர், அங்குள்ளதைப் போல நான்கு பக்கமும் நில் பலகை வைத்து, முதலில் வந்தவர் முதலில் செல்லும் முறை வேண்டும் என்றார்கள். நம் நாட்டு விதி வேறு. காவலரோ விளக்கோ இல்லாத சந்திப்பில், பிரதான சாலை என்று குறிக்கப்பட்ட சாலைக்குள் நுழைபவர் அதில் செல்லும் வண்டிகளுக்கு வழி விட வேண்டும். மற்ற சந்திப்புகளில் வலப்புறமிருந்து வருபவருக்கு வழி விட வேண்டும். யார் முதலில் வந்தார் என்று பார்க்கும் பழக்கம் நம்மிடம் ரேஷன் கடையிலேயே கிடையாது. நாற்சந்தியில் அதை எதிர்பார்ப்பது அதிகம் என்றே எனக்குத் தோன்றியது. எனவே குறுக்குத் தெருக்கள் இரண்டின் வாயிலிலும் நில் பலகை, அதனருகில் சாலையில் நிறுத்தக் கோடு, நேர்ச்சாலையில் இருபுறமும் விதிப்படியான வேகத்தடை, புங்கமரத்தின் தாழ்ந்த கிளைகளுக்குக் கவாத்து, பில்லர் பாக்ஸை நகர்த்துதல் என்று கேட்டோம். மரத்தையே வெட்டிவிடலாம் என்ற யோசனையைச் செயற்குழு ஏற்கவில்லை.

நில் பலகையை வெறும் தகரம் என்று எண்ணுபவர்களுக்காக ஒரு விளக்கம். சாலைக் குறிகளில் எண்கோண வடிவம் அது ஒன்றுக்கே உரியது. எழுத்து அழிந்திருந்தாலும், பின்பக்கத்திலிருந்து பார்த்தாலும், இது நில் பலகை என்று தெரிய வேண்டும் என்பதற்காகவே அந்த வடிவம். அதை மீறுவது சில்லறைக் குற்றமும் அன்று. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019ஆம் ஆண்டுத் திருத்தம், சிவப்பு விளக்கைத் தாண்டுவதையும் நில் பலகையை மீறுவதையும் அபாயகரமாக ஓட்டுதல் என்ற 184ஆம் பிரிவின் கீழ் அடுத்தடுத்து வைத்திருக்கிறது. அபராதம் மட்டுமே 1,000 ரூபாயிலிருந்து 5,000 ரூபாய் வரை. சிவப்பு விளக்குக்கு அஞ்சுகிற நாம், நில் பலகையைத் தெருப் பெயர்ப் பலகையைப் போலப் படித்துவிட்டுச் செல்கிறோம்.

இடையில் இரண்டு தவறான முயற்சிகள் நடந்தன. மறைப்பதற்கில்லை. மனுவுக்கு விடை வரத் தாமதமானதில் பொறுமை இழந்த சிலர், வீடு கட்டும் இடத்தில் மிஞ்சிய கான்கிரீட்டைக் கொண்டு ஓர் இரவில் தாங்களே வேகத்தடை போட்டார்கள். விதிப்படியான வட்ட வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் கொண்டு, 25 கிலோமீட்டர் வேகத்தில் ஏறி இறங்கத்தக்கதாக, கறுப்பு வெள்ளைப் பட்டைகளுடனும் முன்னெச்சரிக்கைப் பலகையுடனும் இருக்க வேண்டும். நம்மவர்கள் போட்டதோ சாய்ந்துகொள்ளும் திண்டின் அளவில், தெருவிளக்கு எட்டாத இடத்தில் இருந்தது. மறுநாள் இரவே, கணவரின் பின்னால் அமர்ந்து வந்த ஓர் அம்மையார் அதில் தூக்கி எறியப்பட்டார். நல்வாய்ப்பாகப் பெரிய காயம் இல்லை. விடிவதற்குள் அதைப் போட்டவர்களே கடப்பாரை கொண்டு பெயர்த்தார்கள். அடுத்ததாக, ஒரு கடையின் விளம்பரத்துடன் நாமே பலகை செய்து நட்டுவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது. நன்கொடையாளர் கூடத் தயாராக இருந்தார். போக்குவரத்துக் குறிகளை நிறுவும் அதிகாரம் சட்டத்தின் 116ஆம் பிரிவின்படி அரசுக்கும் அரசு அதிகாரம் அளித்தவர்களுக்கும் மட்டுமே உரியது என்பதை அறிந்ததும் அதைக் கைவிட்டோம். நாம் நடும் பலகையை மீறினால் யாரும் தண்டிக்கப்படப் போவதில்லை. நட்ட நாம்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

அலுவலகங்களுக்கு நடந்த கதையைச் சுருக்கமாகவே சொல்கிறேன். நேர்ச்சாலை ஒரு பிரிவின் பொறுப்பு, குறுக்குத் தெருக்கள் மற்றொரு பிரிவின் பொறுப்பு, பில்லர் பாக்ஸ் வேறொரு துறையின் உடைமை, இடம் குறித்துப் பரிந்துரைப்பது காவல்துறையின் வேலை. ஆகவே எங்கள் மனு ஒவ்வொரு மேசையிலும் "இது இங்கே அல்ல" என்ற விடையைப் பெற்றது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பத்து ரூபாய்க் கட்டணத்துடன், அந்த மனு எந்த மேசையில் எந்த நிலையில் இருக்கிறது என்று மட்டும் கேட்டோம். சட்டம் 30 நாட்கள் அவகாசம் தருகிறது. விடை அதற்குள்ளேயே வந்தது. அதன் பிறகு, வார்டின் ஒரு பகுதி மக்கள் கூடிக் குறைகளைச் சொல்லும் பகுதி சபைக் கூட்டத்தில் மாமன்ற உறுப்பினர் முன்னிலையில் கோரிக்கையை எழுப்பினோம். அவர் அனைத்துப் பிரிவினரையும் ஒரே நாளில் நாற்சந்திக்கு அழைத்துவந்து, அங்கேயே நின்று பேச வைத்தார். அந்த அரைமணி நேரத்தில் ஒரு வேன் திடீரென்று பிரேக் பிடித்த சத்தம் எங்கள் வாதத்தை எங்களை விட நன்றாக எடுத்துரைத்தது.

மழைக்காலத்துக்கு முன்பாகப் பலகைகள் இரண்டும் நடப்பட்டு, நிறுத்தக் கோடுகளும் வரையப்பட்டன. ஒரு பலகை புங்கமரத்தின் இலைகளுக்குள் மறைந்திருந்ததால் மரத்துக்குக் கவாத்து முடிந்த பிறகே வெளியே தெரிந்தது. சாதாரணப் பெயின்டில் வரைந்த கோடு, நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் கொண்டுவந்த மழையில் மங்கிவிட்டது. சூட்டில் உருக்கிப் பூசும் தெர்மோபிளாஸ்டிக் கொண்டு மறுபடி வரையக் கேட்டுள்ளோம். நேர்ச்சாலையில் ஒருபுறம் மட்டும் வேகத்தடை முறைப்படி அமைந்துள்ளது. பில்லர் பாக்ஸ் இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதை நகர்த்துவதற்கான செலவை யார் ஏற்பது என்ற கேள்வியில் கோப்பு நிற்கிறது. எதிர்ப்புறம் தெரியக் குவியாடி வைக்கலாம் என்று சிலர் கேட்டார்கள். அதில் வண்டிகள் உள்ளதை விடச் சிறிதாகவும் தொலைவாகவும் தோன்றும் என்பதால், நில் பலகைக்கு அது மாற்றாகாது என்பது என் கருத்து.

பலகை வந்த பிறகு, செயற்குழுவினர் இருவர் இருவராகக் கோயில் திண்ணையில் அமர்ந்து சில காலைகளில் கவனித்தோம். பள்ளி வேன்கள் பெரும்பாலும் நிற்கின்றன. ஆட்டோக்கள் வேகத்தைக் குறைக்கின்றன. இருசக்கர வண்டிகளில் வருபவர்கள் காலை மட்டும் தரையில் தொட்டு, நின்றதாகக் கணக்குக் காட்டிவிட்டுச் செல்கிறார்கள். வெளியார்தான் நிற்பதில்லை என்று நாம் பேசிக்கொள்வது உண்மையன்று. நிற்காமல் போனவர்களில் வணக்கம் சொல்லிவிட்டுப் போனவர்கள் பலர். அயர்ன் அண்ணனின் நோட்டில், ஒரு டிசம்பர் மாதக் காலையில் நிறுத்தக் கோட்டைத் தாண்டிய சாம்பல் நிற ஸ்கூட்டர் ஒன்று குறிக்கப்பட்டிருக்கிறது. அது என்னுடையது. மகளை ரயிலுக்கு ஏற்றிவிடும் அவசரம் என்று விளக்கினேன். அவர் எழுதியதை அடிக்க மறுத்துவிட்டார்.

இதைவிடக் கடினமான ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. நாம் அரசிடம் கேட்டவற்றில் ஒன்றைத் தவிர மற்றவை முழுதாகவோ பாதியாகவோ கிடைத்துவிட்டன. ஆனால் பார்வையை இன்னும் பெரும்பாலும் மறைப்பது அந்த முனையில் நிற்கும் கார்கள். அவை நம் உறுப்பினர்களுடையவை. சந்திப்பிலோ அதன் அருகிலோ வண்டி நிறுத்தக் கூடாது என்பது ஓட்டுநர் உரிமம் பெறும்போதே நாம் படிப்பது. வீட்டுக்குள் இடமில்லை என்பது மெய்தான். தரைத்தளத்தில் கார் நிறுத்தும் இடத்தைக் கடையாகவும் அறையாகவும் மாற்றியதும் மெய்தான். உரியவர்களிடம் நானும் தலைவரும் நேரில் பேசினோம். ஒருவர் உடனே வேறிடம் பார்த்துக்கொண்டார். மற்றவர்கள் பேரவையின் முடிவைக் கேட்கலாம் என்றார்கள்.

ஆகவே கீழ்க்கண்ட தீர்மானத்தைப் பேரவையின் முன் வைக்கிறேன். நாற்சந்தியின் நான்கு முனைகளிலும் 15 மீட்டர் தூரத்துக்குள் உறுப்பினர்கள் எவரும் வண்டி நிறுத்துவதில்லை என ஏற்பது. இடமில்லாதவர்களுக்குக் கோயில் பின்புறத் தெருவில் மாற்று இடம் கண்டறிய மூவர் குழு அமைப்பது. அயர்ன் அண்ணனின் பதிவேட்டை அடுத்த ஆண்டும் தொடர்வது. பில்லர் பாக்ஸ் தொடர்பான மனுவைப் புதிய செயற்குழு முதல் கூட்டத்திலேயே எடுத்துக்கொள்வது. 15 மீட்டர் அதிகம் என்று கருதும் உறுப்பினர்கள், கூட்டம் முடிந்ததும் என்னுடன் அந்த முனைக்கு வந்தால் டேப் தயாராக இருக்கிறது.

அறிக்கையையும் தீர்மானத்தையும் விவாதத்துக்கு எடுத்துக்கொள்ளுமாறு தலைவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்