2024-25 ஆண்டறிக்கை: ஐ.டி.ஐ. மேலாண்மைக் குழுவில் நம் சங்கம்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வைப்பார். மின் கட்டணம், ஜி.எஸ்.டி. தொடர்பான மனுக்களின் நிலை சுற்றறிக்கைகளில் அவ்வப்போது தெரிவிக்கப்பட்டுள்ளது. ஆகவே, உறுப்பினர்கள் ஆண்டு முழுவதும் அதிகம் குறைபட்டுக்கொண்டதும் மிகக் குறைவாக நேரம் ஒதுக்கியதுமான ஒரு பணியை, அதாவது நம் வட்டார அரசு ஐ.டி.ஐ.யின் (தொழிற்பயிற்சி நிலையத்தின்) மேலாண்மைக் குழுவில், பட்டறை நடத்துவோரான நாம் வகிக்கும் பங்கைப் பற்றியே இவ்வறிக்கையில் விரிவாகச் சொல்கிறேன்.

புதிய உறுப்பினர்களுக்காகச் சிறிது பின்னணி. 2007-08 இல் மத்திய அரசு 1,396 அரசு ஐ.டி.ஐ.க்களைத் தனியார் பங்களிப்புடன் மேம்படுத்தும் திட்டத்தைத் தொடங்கியபோது, நிலையம் ஒன்றுக்கு 2.5 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் அளித்து, அதைச் செலவிடும் அதிகாரத்தைச் சங்கமாகப் பதிவு செய்யப்பட்ட மேலாண்மைக் குழுவிடம் ஒப்படைத்தது. குழுத் தலைவரும் நான்கு உறுப்பினர்களும் தொழில் தரப்பினர்; நம் தரப்பு இடங்கள் இவற்றில் அடங்கும். ஐவரை மாநில அரசு நியமிக்கும். நிலைய முதல்வர் உறுப்பினர்-செயலாளர். முதல் பத்து ஆண்டுகள் விலக்குப் போக, அடுத்த இருபது ஆண்டுகளில் கடனைத் தவணைகளாகத் திருப்பிச் செலுத்தும் பொறுப்பும் அக்குழுவுடையதே. 'அங்கே போய் ஒரு டீ குடித்துவிட்டு வருவதற்கு ஒரு நாள் வேலையைக் கெடுப்பதா' என்று நம் மூத்த உறுப்பினர் ஒருவர் கேட்டபோதுதான், இந்த விவரம் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியாமல் இருக்கிறது என்பது எனக்கு விளங்கியது.

இவ்வாண்டு நான்கு கூட்டங்களுக்கு அழைப்பு வந்தது. நம் தரப்பில் போதிய ஆள் வராததால் ஒரு கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது. வராதவர்களில் நானும் ஒருவன் என்பதை இங்கேயே பதிவு செய்துவிடுகிறேன்.

இரண்டாவது கூட்டம் மட்டும் வேறுவிதமாக நடந்தது. 'பையன்களுக்கு வரைபடம் பார்க்கவே தெரியவில்லை' என்ற வழக்கமான குறையோடு வந்த உறுப்பினர் ஒருவர், ஒரு பிராக்கெட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். அதே ஐ.டி.ஐ.யில் மெஷினிஸ்ட் பிரிவை முடித்து அவரிடம் சேர்ந்த இளைஞர் செய்தது. அளவுகள் நூலிழையும் பிசகவில்லை. துளைகள் மட்டும் எதிர்ப்பக்கத்தில் இருந்தன. பயிற்றுநர் வரைபடத்தை வாங்கிப் பார்த்தார். அமெரிக்க வாடிக்கையாளரின் வரைபடம் அது. அந்நாட்டவர் பின்பற்றும் மூன்றாம் கோண முறையில் ஒரு பொருளின் வலப்பக்கத் தோற்றம் அதன் முன்தோற்றத்துக்கு வலப்பக்கத்திலேயே வரையப்படும்; நம் நாட்டு வழக்கமான முதற்கோண முறையிலோ அது இடப்பக்கம் வரும். பாடத்திட்டத்தில் இரண்டும் உண்டு என்றாலும், கை பழகுவது நம் முறையில்தான். 'உங்க பட்டறை வரைபடம் ஒண்ணையாவது இதுவரைக்கும் எங்களுக்குக் கொடுத்திருக்கீங்களா சார்?' என்று அவர் கேட்டதற்கு எங்களிடம் பதில் இல்லை.

அதன் பயனாக, பழைய வரைபடங்களைத் திரட்டிப் பயிற்சிக்குக் கொடுப்பதென்று தீர்மானித்தோம். வாடிக்கையாளருடன் ரகசிய ஒப்பந்தம் உள்ளவர்கள் விலகிக்கொண்டது நியாயமே. மற்றவர்கள் கொடுத்த முதல் கட்டு இரண்டே நாளில் திரும்பி வந்தது: வாடிக்கையாளரின் பெயரை மறைப்பதற்காக, அது எழுதப்பட்டிருக்கும் மூலைக் கட்டத்தையே வெட்டியிருந்தோம், எந்தக் கோண முறை என்று காட்டும் கூம்புக் குறியும் அதோடு போய்விட்டது. பிறகு பெயரின் மேல் மட்டும் தாள் ஒட்டிப் படியெடுத்துக் கொடுத்தோம். இவ்வாண்டு நம் பங்கால் அந்த நிலையத்தில் உண்மையாக மாறியது இது ஒன்றுதான் என்று கருதுகிறேன்.

மாநில அரசு டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்துடன் இணைந்து 2,877.43 கோடி ரூபாயில் 71 அரசு ஐ.டி.ஐ.க்களைத் தொழில் 4.0 தரத்துக்கு, அதாவது கணினியும் தானியங்கி இயந்திரங்களும் சார்ந்த பயிற்சித் தரத்துக்கு, உயர்த்திய பட்டியலில் நம் நிலையம் இடம்பெறவில்லை. சேர்க்கக் கோரி மனு அனுப்பியுள்ளோம்.

தொழிற்பழகுநர் (அப்ரண்டிஸ்) விஷயத்தில் நம் நிலை பெருமைப்படத் தக்கதாக இல்லை. 1961 ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டத்தின்கீழ் உள்ள விதிகளின்படி, 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் 2.5 முதல் 15 விழுக்காடு வரை பழகுநர்களைச் சேர்ப்பது கட்டாயம். நான்கு பேர் உள்ள பட்டறையும் விரும்பினால் சேர்க்கலாம். நம் உறுப்பினர்களில் பெரும்பாலோர் இந்த இரண்டாம் வகையினர். சேர்த்தவர்களும், பையன்கள் ஆறு மாதத்தில் பெரிய கம்பெனிக்கு ஓடிவிடுகிறார்கள் என்கிறார்கள். நான் விசாரித்த அளவில், ஓடியவர்களில் பலருக்கு அந்த ஆறு மாதமும் இயந்திரத்தடியில் விழும் உலோகச் சுருள் அள்ளுவதும் டீ வாங்கி வருவதுமே வேலையாக இருந்திருக்கிறது. இதைச் சொல்வதற்காகச் சிலர் என்மேல் வருத்தப்படக்கூடும்.

குழுவில் நம் தரப்பு இடங்களில் இரண்டு அடுத்த மாதம் காலியாகின்றன. கூட்டங்களுக்குத் தவறாமல் வர இயன்றவர்கள் மட்டும் இம்மாத இறுதிக்குள் அலுவலகத்தில் பெயர் கொடுக்குமாறும், கூம்புக் குறி உள்ள பழைய வரைபடம் ஒன்றை உடன் கொண்டுவருமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்