சிசிஎன்ஏ படிக்க நகையை அடகு வைக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையிலிருந்து எழுதுகிறேன். கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலையில் 12 வருடமாக நெட்வொர்க் வேலை பார்க்கிறேன். எங்கள் பக்கம் தமிழ் வழியில் படித்து டிப்ளமோ முடிக்கிற பிள்ளைகளில் நிறையப் பேர் வேலந்தாவளம் தாண்டி கோயம்புத்தூர் போய் சிசிஎன்ஏ (சிஸ்கோ கம்பெனி நடத்தும் நெட்வொர்க் சான்றிதழ் தேர்வு) வகுப்பில் சேர்கிறார்கள். அவர்களுடைய பெற்றோர் கண்ணில் இது பட வேண்டும் என்பதற்காகத்தான் இந்தக் கடிதம்.

போன மாதம் பக்கத்து வீட்டு அக்கா ஒரு காகிதத்தோடு வந்தார். மகன் படிக்கும் பயிற்சி மையத்தில் எழுதிக் கொடுத்ததாம். கணினிகளையும் நெட்வொர்க்குகளையும் இணைக்கிற கருவிகள், பழைய 1841 மாடல் ரவுட்டர் 2, 2950 மாடல் சுவிட்ச் 3, சீரியல் கேபிள், எல்லாம் சேர்த்து 38,000 ரூபாய், வீட்டில் வைத்துப் பழகினால்தான் பாஸாக முடியும் என்று சொல்லியிருக்கிறார்கள். "ஏனுங்க தம்பி, இது வாங்காட்டி பையன் பாஸாக மாட்டானுங்களா? தோட்டை வெச்சுத்தான் பணம் பொரட்டணும்" என்று கேட்டார். எனக்கு வயிறு எரிந்தது. வேண்டவே வேண்டாம் அக்கா என்று அங்கேயே சொல்லிவிட்டேன். அதே காகிதம் இன்னும் எத்தனை வீட்டுக்குப் போயிருக்குமோ.

அந்தப் பட்டியல் பழைய பாடத்துக்கான பட்டியல். சிசிஎன்ஏ தேர்வு 2020 பிப்ரவரி 24-இல் 200-301 என்ற எண்ணில் மாறியது. ஃபிரேம் ரிலே என்ற பழைய இணைப்பு முறை அதற்கு முன்பே போய்விட்டது, ரவுட்டர்கள் தாமாகவே வழி கண்டுபிடிக்கும் முறைகளில் ஆர்ஐபி, ஈஐஜிஆர்பி எல்லாம் போய்விட்டன, ஓஎஸ்பிஎஃப் மட்டும்தான், அதுவும் நெட்வொர்க்கைப் பகுதி பகுதியாகப் பிரிக்காமல் ஒரே ஏரியா. அப்புறம் வைஃபை கருவிகளை ஒரே இடத்திலிருந்து நடத்தும் வயர்லெஸ் கன்ட்ரோலர், மென்பொருள்கள் தமக்குள் பேசிக்கொள்ள உதவும் ஏபிஐ, ஜேசன் என்று புதிதாக உள்ளே வந்திருக்கின்றன. 38,000 ரூபாய் கொடுத்து வாங்கும் அந்தச் செட்டில் வயர்லெஸ் கன்ட்ரோலர் இல்லை. சிஸ்கோவின் நெட்வொர்க்கிங் அகாடமியில் கணக்குத் தொடங்கினால் இலவசமாகக் கிடைக்கிற பாக்கெட் டிரேசர் என்ற பயிற்சி மென்பொருளில் அது இருக்கிறது! சாதாரண லேப்டாப்பில் ஓடும், பத்து சுவிட்ச் வேண்டுமென்றால் பத்து இழுத்துப் போடலாம், ஒரு பாக்கெட் (துண்டாக அனுப்பும் தகவல்) எந்த வழியாகப் போய் எங்கே நிற்கிறது என்று ஒவ்வொரு அடியாக நிறுத்திப் பார்க்கலாம், தப்பாகச் செய்தால் அழித்துவிட்டு மறுபடி போடலாம். விஎல்ஏஎன், டிரங்க், ஓஎஸ்பிஎஃப், ஏசிஎல், நாட் என்று தேர்வுக்கு வரும் பாடமெல்லாம் கை பழக இது தாராளமாகப் போதும். ஐபி முகவரிகளைப் பிரித்துக் கணக்கிடும் சப்நெட்டிங்குக்கு அதுவும் வேண்டாம், பேப்பரும் பேனாவும் போதும்.

பாக்கெட் டிரேசர் நிஜ ரவுட்டர் மாதிரி நடிக்கிற மென்பொருள், அதனால் சில கட்டளைகள் அதில் வேலை செய்யாது. அந்தக் குறை சிசிஎன்ஏ முடித்து அடுத்த படியான சிசிஎன்பி பக்கம் போகும்போதுதான் இடிக்கும். அப்போது ஜிஎன்எஸ்3, ஈவ்-என்ஜி, சிஸ்கோ மாடலிங் லேப்ஸ் என்று இருக்கின்றன, இவற்றில் சிஸ்கோ கருவிகளுக்குள் ஓடுகிற நிஜ ஐஓஎஸ் மென்பொருளே ஓடும். மாடலிங் லேப்ஸின் இலவசப் பதிப்பில் 5 கருவிகள் வரை ஓட்டலாம். ஜிஎன்எஸ்3-க்கு ஐஓஎஸ் ஃபைலை நாம்தான் கொண்டுவர வேண்டும், அதை யாரோ பென்டிரைவில் கொடுத்தார்கள் என்று போட்டுக்கொள்வது சட்டப்படி சரியில்லை, பிள்ளைகளுக்கு இதை வகுப்பில் யாரும் சொல்வதில்லை. எப்படியும் இவற்றுக்குக் குறைந்தது 8 ஜிபி ராம் உள்ள கணினி வேண்டும். ஆகவே கையில் பணம் இருந்தால் ஓரளவு நல்ல லேப்டாப் வாங்கிக் கொடுங்கள். மீதியைத் தேர்வுக் கட்டணத்துக்கு எடுத்து வையுங்கள், அதுவே 300 டாலர், வரியும் சேர்ந்தால் நம் காசுக்கு 25,000-க்கு மேல் போகிறது. ஃபெயிலானால் திருப்பித் தர மாட்டார்கள், அடுத்த முறைக்கு மறுபடி முழுசாகக் கட்ட வேண்டும்.

சரி, அப்படியானால் நிஜக் கருவியே தொட வேண்டாமா என்றால், அப்படி நான் சொல்ல மாட்டேன். பாக்கெட் டிரேசர் மாதிரி சிமுலேட்டரில் மட்டும் படித்துவிட்டு வேலைக்கு வரும் பிள்ளைகள் முதல் வாரம் படுகிற பாட்டை நான் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன். கருவியை லேப்டாப்போடு நேராக இணைக்கும் கன்சோல் கேபிளைச் சொருகினால் திரையில் கன்னாபின்னா எழுத்து வரும், லேப்டாப்பில் அந்த இணைப்பின் வேகத்தை 9600-க்கு மாற்றினால் தீர்ந்தது, அது தெரியாமல் சுவிட்ச் கெட்டுவிட்டது என்று வந்து நிற்பார்கள். யாரோ பாஸ்வேர்டு போட்டுவிட்டுப் போன 2960 சுவிட்சைத் திறக்க, முன்பக்கம் இருக்கிற மோட் பட்டனை அமுக்கிப் பிடித்துக்கொண்டே கரண்ட் கொடுக்க வேண்டும். அந்தப் பட்டனை எவ்வளவு நேரம் பிடிப்பது, எந்த விளக்கு எப்படி மாறும்போது விடுவது என்பதெல்லாம் ஒருமுறை கையால் செய்தவனுக்கு மறக்காது.

என் சொந்த அனுபவம் ஒன்று. வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம் எங்கள் குடோனில் ஒரு கணினி மட்டும் ஊர்ந்து ஊர்ந்து வேலை செய்தது. பிங் போகிறது (சோதனைக்கு அனுப்பிய தகவலுக்குப் பதில் வருகிறது), சுவிட்சில் பச்சை விளக்கு எரிகிறது, ஆனால் பெரிய ஃபைல் காப்பி செய்தால் நகரவே நகராது. கேபிள் டெஸ்டரில் போட்டால் 1 முதல் 8 வரை எல்லா விளக்கும் வரிசையாக எரிகிறது, கேபிள் நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்துவிட்டு இரண்டு நாள் சுவிட்ச் கான்ஃபிக்கையும் (அதில் பதிந்த அமைப்புகளையும்) விண்டோஸையும் நோண்டிக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் கூட இருந்த பெரியவர் ஒருவர் கேபிள் முனையிலிருந்த ஆர்ஜே45 கனெக்டரைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து நிறத்தைப் பார்த்தார். வயர் போட்டவர் ஆரஞ்சு ஜோடி, பச்சை ஜோடி, நீல ஜோடி, பழுப்பு ஜோடி என்று அழகாக ஜோடி ஜோடியாக அடுக்கி, இரண்டு முனையிலும் அதே மாதிரி கிரிம்ப் செய்திருந்தார் (கனெக்டரில் அழுத்திப் பொருத்தியிருந்தார்). 3-ஆவது பின்னுக்கும் 6-ஆவது பின்னுக்கும் ஒரே ஜோடியின் வயர்கள் வர வேண்டும், அதனால்தான் பச்சை ஜோடியைப் பிரித்து நடுவில் நீலத்தை விடுகிறோம். அது மாறினால் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குத் தொடர்பு இருக்கும், டெஸ்டரும் சரி என்று சொல்லும், ஆனால் ஒரு ஜோடியின் சிக்னல் இன்னொன்றில் கலந்து பாக்கெட்டைக் கெடுத்துவிடும். சுவிட்சில் அந்தப் போர்ட்டின் சிஆர்சி எண்ணிக்கையை (கெட்டுப்போய் வந்த தகவலின் கணக்கை) முதல் நாளே பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். இந்தப் பாடம் எந்தச் சிமுலேட்டரிலும் கிடையாது, ஏனென்றால் அதில் கேபிளை யாரும் கிரிம்ப் செய்வதில்லை.

ஆனால் இதையெல்லாம் கற்றுக்கொள்ள எவ்வளவு நேரம் ஆகும்? நாலைந்து ஞாயிற்றுக்கிழமை. கன்சோல் பிடிப்பது, பாஸ்வேர்டு எடுப்பது, ஐஓஎஸ் மாற்றுவது, பத்து கேபிள் கிரிம்ப் செய்வது, அதில் இரண்டை வேண்டுமென்றே தப்பாகச் செய்து பார்ப்பது, அவ்வளவுதான். இதற்காக ஒவ்வொரு வீட்டிலும் ஃபேன் இரைச்சலோடு மூன்று சுவிட்ச் ஓட வேண்டிய அவசியம் என்ன? பாதி நேரம் அது கட்டிலுக்கு அடியில்தான் கிடக்கும். கட்டணம் வாங்குகிற பயிற்சி மையம்தான் ராக் (கருவிகளை அடுக்கிய அலமாரி) வைத்திருக்க வேண்டும். சேருவதற்கு முன்னால் பெற்றோர்கள் நேரில் போய், ராக்கைக் காட்டச் சொல்லி, என் பிள்ளைக்கு அதில் எத்தனை மணி நேரம் கிடைக்கும் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் வேறு இடம் பாருங்கள்.

இன்னொன்றும் கேட்கிறேன். கஞ்சிக்கோட்டிலும் கோயம்புத்தூரிலும் கம்பெனிகள் சில வருடத்துக்கு ஒருமுறை சுவிட்சுகளை மாற்றும்போது பழையதை எடைக்குப் போடுகின்றன. நானே என் கையால் லாரியில் ஏற்றிவிட்டிருக்கிறேன். கான்ஃபிக்கை முழுசாக அழித்துவிட்டு அதில் இரண்டை ஊர் நூலகத்துக்கோ பாலிடெக்னிக்குக்கோ கொடுத்தால் கம்பெனிக்குப் பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை. கேரளத்தில் சின்ன ஊரில்கூட நூலகம் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அங்கே பிள்ளைகள் உட்கார இடமும் இருக்கிறது.

என் வீட்டில் ஃபேன் இல்லாத 8 போர்ட் 2960 ஒன்று, கன்சோல் கேபிள் 2, கிரிம்பிங் டூல் 1, பாதி தீர்ந்த கேட்-6 கேபிள் ரோல் ஒன்று இருக்கின்றன. எங்கள் ஊர் நூலகத்தில் ஒரு மேஜையும் ஒரு பிளக் பாயின்ட்டும் கொடுத்தால் அடுத்த ஞாயிறே கொண்டுபோய் வைத்துவிட்டு, சாயங்காலம் 4 மணி முதல் 7 வரை நானும் கூட உட்காருகிறேன். பக்கத்து வீட்டு அக்காவின் மகன் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான்.

இப்படிக்கு,
ஒரு நெட்வொர்க் ஊழியர்,
கொழிஞ்சாம்பாறை