கைக்கு முன்னால் ஓடும் காது

அன்புள்ள மீனா,

உன் கடிதம் வந்தது. பேரன் நடக்க ஆரம்பித்துவிட்டான், மாடிக்கு ஒருவழியாக ஆள் குடிவந்தாயிற்று. இரண்டும் நல்ல சேதி. ஆனால் கடைசியில் எழுதியிருந்தாயே, "நாலு மாசத்துக்கு முன்னால் இதைவிட நன்றாக வாசித்தேன், வீணையைத் துணி போட்டு மூடிவிடலாம் போலிருக்கிறது" என்று. அதற்குத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

உன் வாசிப்பு கெட்டுப்போகவில்லை. ஸ்வரம் இம்மி விலகினாலும் இப்போது உனக்குக் கேட்கிறது, அப்போது கேட்கவில்லை, அவ்வளவுதான். காது சீக்கிரம் தேறும், கை மெதுவாகத்தான் வரும். ஐம்பது வயதுக்கு மேல் கற்க வருகிறவர்களில் பலர் இந்த இடைவெளியில்தான் நின்றுவிடுகிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்து கற்கும் பத்து வயதுப் பெண் அலட்டிக்கொள்ளாமல் வாசிப்பதற்குப் பாதிக் காரணம், தன் பிசிறு அவளுக்கு இன்னும் கேட்கவில்லை என்பதுதான்!

ஆர்வம் வரட்டும், உட்காரலாம் என்று இருக்காதே. ஒரு சின்ன விஷயம் சுத்தமாகக் கேட்ட பிறகுதான் ஆர்வம் வரும். அதனால் தினமும் ஏதாவது ஒன்று சுத்தமாகக் கேட்கிற மாதிரி சாதகத்தை, அதாவது தினப் பயிற்சியை, அமைத்துக்கொள்.

ஆரம்பப் பாடமான சரளி வரிசையையே எடுத்துக்கொள். மாயாமாளவகௌளை ராகத்தில், முதல் தந்தியான சாரணியில், ஸ விரல் வைக்காத திறந்த தந்தி, ரி 1ஆம் மெட்டு (தந்திக்குக் கீழே குறுக்கே இருக்கும் கட்டை), க 4, ம 5, ப 7, த 8, நி 11, மேல் ஸ 12. ஸ-ரி, க-ம, ப-த, நி-ஸ எல்லாம் பக்கத்துப் பக்கத்து மெட்டுகள். ரி-க, த-நி இரண்டுமே மூன்று மெட்டுத் தாவல். ஆனால் மேலே போகப் போக மெட்டுகள் நெருங்கிவிடுவதால், த-நி தூரம் ரி-க தூரத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். உன் விரல் கீழே தடுமாறி மேலே தடுமாறாததற்குக் காரணம் இதுதான். தாவி வரும் வேகத்தில் விரல் மெட்டை ஒட்டி விழாமல் இரண்டு மெட்டுக்கு நடுவில் விழும். அங்கே அழுத்தினால் தந்தி பள்ளமாக இறங்கி, இழுபட்டு, ஸ்ருதி ஏறிவிடும். காந்தாரம் (க) கூடிப்போகிறது என்று உன் டீச்சர் சொல்வது இதைத்தான்.

தப்பு வந்ததும் நீ முதல் வரியிலிருந்து மறுபடி தொடங்குவாய், எனக்குத் தெரியும். அப்படிச் செய்தால் முதல் வரி மட்டும் மெருகேறும், தப்பு தப்பாகவே பதியும். அங்கேயே நில். ரி க ம மட்டும், தட்டு எண்ணித் தரும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 50இல் வைத்து, தாவும்போது கண்ணால் 4ஆம் மெட்டைப் பார்த்து வாசி. மூன்று முறை தொடர்ந்து சுத்தமாக வந்தால் முன்னால் ஸ சேர், பிறகு பின்னால் ப சேர். முழு வரியும் அதே வேகத்தில் மூன்று முறை சரியாக வந்தபின் 54க்குப் போ. முதல் காலம் (மெதுவான வேகம்) ஆட்டம் காணும்போது இரண்டாம் காலத்துக்கு (இரட்டை வேகம்) தாவுவது வீண். வேகம் பிசிறை மறைக்குமே தவிர, எடுத்துவிடாது.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் வேண்டாம். தினம் இருபது நிமிடம் போதும். விரல்நுனித் தோல் கெட்டிப்படுவதும் தினசரிப் பழக்கத்தால்தான், ஒரே நாளில் அதிகம் வாசித்தால் கொப்புளம்தான் மிச்சம். நுனி எரிந்தால் பரவாயில்லை. மணிக்கட்டோ தோளோ வலித்தால் உடனே நிறுத்து. இடது கட்டைவிரல் வீணையின் தண்டியை (நீண்ட கழுத்தை) இறுக்கிப் பிடித்திருக்கும், பார். ஊருக்குப் போய் ஒரு வாரம் விட்டுப்போனால், திரும்பி வந்து விட்டதை எல்லாம் ஒரே நாளில் பிடிக்கப் பார்க்காதே. ஒரு படி பின்னால் போய்ப் பத்து நிமிடத்தில் தொடங்கு.

தாளப் பயிற்சியான அலங்காரத்தில் துருவ தாளமும் அட தாளமும் குழம்புகின்றன என்றாய். இரண்டுக்கும் ஒரு சுற்றுக்கு 14 அட்சரம் (எண்ணிக்கை), அதனால் குழம்பாமல் இருந்தால்தான் அதிசயம். துருவம் 4+2+4+4, அட 5+5+2+2. வீணையில் இரண்டு கையும் வேலையாக இருப்பதால், தாளம் வலது சுண்டுவிரலால் பக்கவாட்டுத் தந்தியை மீட்டுவதோடு சரி. ஆகவே வீணையைத் தொடாமல், கையால் தாளம் போட்டு வாயால் ஸ்வரம் பாடு. பாட வராதது வாசிக்கவும் வராது. அது ஊறியபின் வீணையை எடு.

எடு என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது: வீணையை உறையில் போட்டுப் பரண்மேல் வைக்காதே. எடுத்து, துடைத்து, ஸ்ருதி சேர்ப்பதற்குள் மனசு மாறிவிடும். கூடத்திலேயே பாய் விரித்து வை. ஜன்னல் வெயில் மட்டும் படக்கூடாது. மெட்டுகள் நிற்பது மெழுகின்மேல், சூட்டில் இளகி நகர்ந்தால் எவ்வளவு சாதகம் செய்தும் ஸ்ருதி சேராது.

மாதம் ஒருமுறை, அதே சரளி வரிசை, அதே வேகம், போனில் பதிவு செய். உடனே கேட்காதே. மூன்று மாதம் கழித்து வரிசையாகக் கேள். அன்றைக்குக் கை எப்படி இருந்தது என்பதற்கு உன் நினைவைவிட அந்தப் பதிவு நம்பகமான சாட்சி.

சாரணித் தந்தி கறுத்துப் போயிருந்தால் முதலில் அதை மாற்றச் சொல், நாதம் மங்கிய தந்தியில் யாருக்கும் உட்காரத் தோன்றாது. மார்கழிக் கச்சேரிக்கு வருகிறாயா இல்லையா என்று எழுது, அறை தயாராக இருக்கிறது. வந்தால் முன்வரிசையில் உட்காருவோம். வித்வானின் இடது கை நன்றாகத் தெரியும்.

அன்புடன்,
கௌரி