திருப்பூர் சார்ட்டே போதும் என்கிறவர்களுக்கு

மூன்று யூனிட் மேலாளர்களுக்கும் வணக்கமுங்க.

புது சாஃப்ட்வேர் வருவதற்குள் திருப்பூர், அவிநாசி, பெருந்துறை ஃப்ளோ சார்ட்டுகளை ஒன்றாக்கித் தரச் சொல்லியிருக்கிறீர்கள். போன கூட்டத்திலோ, "திருப்பூர் சார்ட்டையே எல்லாரும் வச்சுக்கலாம், தொல்லை விட்டது" என்று பேச்சு முடியப் பார்த்தது. கொஞ்சம் பொறுங்கள். எல்லாரும் படிக்கட்டும் என்றுதான் இதை வெளிப்படையாக எழுதுகிறேன்.

நூல் வாங்குவது, நிட்டிங், கட்டிங், ஓவர்லாக், அயர்னிங், பேக்கிங் எல்லாம் மூன்றிலும் ஒன்றுதான். வம்பு பெயரில் இருக்கிறது. திருப்பூரில் 'செக்கிங்' என்றால் தைத்து முடித்த பனியனைப் பார்ப்பது. பெருந்துறையில் அதே பெயர், காம்பேக்டிங் (துணி பின்னால் சுருங்காதபடி அழுத்துவது) முடிந்து வந்த துணியைக் கட்டிங் டேபிளில் விரிக்கும் முன் பார்ப்பதற்கு. பெயர் ஒன்றாயிற்றே என்று இரண்டு கட்டத்தையும் ஒட்டியிருந்தால், ஓட்டைத் துணி நேராகக் கட்டிங்குக்குப் போயிருக்கும். முன்னால் என்ன வேலை, பின்னால் என்ன வேலை, கையில் எந்தச் சீட்டு என்று பார்த்துத்தான் சேர்க்க வேண்டும்.

அவிநாசியில் சாயமேறி வந்த துணியை வண்டியிலிருந்து இறக்கும்போது ஒரு தடவை, ரேக்கில் அடுக்கும்போது ஒரு தடவை எடை போடுகிறார்கள். வெட்டி வேலை என்று நானே பேனாவை எடுத்துவிட்டேன். ஸ்டோர்ஸ் அண்ணன் தடுத்தார்: "2011-ல சாயப்பட்டறைய மூடுனப்ப துணி வெளியூர் போயிட்டு வந்துச்சுங்க. அப்ப எடை கொறஞ்சு பட்டதுல வச்ச பழக்கம்." அந்த ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் போட்ட உத்தரவு நமக்கெல்லாம் மறக்குமா? அவிநாசித் துணி இன்றும் வெளியூர் டையிங்குக்குத்தான் போகிறது. அப்படியென்றால் அந்த இரண்டாவது எடை அங்கே இருக்கட்டும், திருப்பூருக்கு வேண்டாம்.

ஆகவே பொதுவான பாதையை ஒரே தடவை வரைகிறேன். பிரிகிற இடத்தில் கிளை. கிளையின் மேல் அது எந்த யூனிட்டிலிருந்து வந்தது என்ற குறி. 'பாஸா, ரிஜெக்டா' என்கிற கிளை லாட்டுக்கு லாட் முடிவாவது. இந்தக் கிளை அப்படியல்ல. யூனிட்டுக்கு சாஃப்ட்வேரை அமைக்கும்போதே ஒரு தடவை முடிவாகிவிடும். வேண்டாத வழி அப்புறம் அங்கே யார் திரையிலும் வராது. இந்த மாதிரி சார்ட்டுகளை ஆராய்கிற ரோஸ்மனும் வான் டெர் ஆல்ஸ்டும் 2007-இலேயே இதற்கு வரைமுறை எழுதிவிட்டார்கள். நெதர்லாந்தில் 10 நகராட்சிகளை வைத்தும் இதே வழியில் ஆய்வு நடந்தது. சட்டம் ஒன்று, ஊருக்கு ஊர் நடைமுறை வேறு; நம் கதைதான்.

ஒரு ஆபத்து உண்டு. ஒன்றாக்கிய சார்ட்டில் எந்த யூனிட்டும் நடக்காத பாதையும் முளைத்துவிடும். ஒரு கிளையில் 'வெளி டையிங்', இன்னொன்றில் சொந்த டையிங் வைத்திருக்கிற திருப்பூரின் 'டிசி வேண்டாம்' (டிசி என்பது சரக்கோடு போகிற டெலிவரி சலான்) என்று யாராவது தேர்ந்தால் என்ன ஆகும்? ஜிஎஸ்டியில் ஜாப் ஒர்க்குக்கு, அதாவது வெளியாளிடம் வேலை செய்து வாங்க, போன சரக்கு 1 வருடத்துக்குள் திரும்பாவிட்டால், அனுப்பிய நாளிலேயே விற்றதாகக் கணக்கு. டிசி இல்லாமல் எதைக் காட்டுவது? அதனால் இந்த இரண்டு கிளையையும் சேர்த்துப் பூட்ட வேண்டும். இப்படி எத்தனை ஜோடி இருக்கிறது என்பது சார்ட்டில் தெரியாது, உங்கள் ஆட்களுக்குத்தான் தெரியும்.

வெள்ளிக்கிழமை யூனிட்டுக்கு ஒருவரை அனுப்புங்கள். மேனேஜர் வேண்டாம், தினமும் டிசி எழுதுகிறவர் வரட்டும். போன மாத டிசி புக்கையும் கையோடு கொண்டுவரச் சொல்லுங்கள்.