அறிவுசார், வளர்ச்சிசார் குறைபாடுகள் குறித்த ஆய்வுகளுக்கு ஆதார நிதி கோரும் மனு

அனுப்புநர்
அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைகளின் பெற்றோர்,
மதுரை மாவட்டம்.

பெறுநர்
அரசுச் செயலாளர் அவர்கள்,
மாற்றுத்திறனாளிகள் நலத்துறை,
தலைமைச் செயலகம்,
சென்னை – 600 009.

பொருள்: அறிவுசார், வளர்ச்சிசார் குறைபாடுகள் பற்றிய தொடக்கநிலை ஆய்வுகளுக்கு ஆண்டுதோறும் ஆதார நிதி ஒதுக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். உதவித்தொகையை உயர்த்தக் கேட்டு இந்த மனுவை நாங்கள் எழுதவில்லை. மாதம் 2,000 ரூபாய் பராமரிப்புத் தொகை பல வீடுகளில் மருந்துச் செலவைத் தாங்குகிறது, அதற்கு நன்றி. இப்போது கேட்பது வேறு. எங்கள் பிள்ளைகளைப் பற்றிய ஆராய்ச்சி தமிழ்நாட்டிலேயே, தமிழ்க் குழந்தைகளை வைத்தே நடக்க வேண்டும். அதன் முதல் அடிக்கு அரசு பணம் தர வேண்டும். அதைத்தான் ஆதார நிதி என்கிறோம்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள் 1,00,847 பேர். அந்தக் கணக்கெடுப்பில் ஆட்டிசத்துக்குத் தனிக் கட்டமே கிடையாது. பிறகு இந்தியாவில் ஐந்து இடங்களில் 2 முதல் 9 வயதுக் குழந்தைகளிடம் நடந்த பெரிய ஆய்வு ஒன்று 2018-ல் வெளியானது. பார்வை, செவித்திறன் குறைபாடுகளையும் வலிப்பையும் சேர்த்து, ஏறக்குறைய எட்டில் ஒரு குழந்தைக்கு ஏதோ ஒரு நரம்பு வளர்ச்சிக் குறைபாடு இருப்பதாக அது சொன்னது. பல்வல், காங்கிரா, தென்கனால், ஐதராபாத், வடக்கு கோவா ஆகியவை அந்த ஐந்து இடங்கள். தமிழ்நாட்டிலிருந்து ஒன்றுகூட இல்லை.

சான்றிதழுக்காகப் பிள்ளைகளை அழைத்துப் போகிறோம். பல இடங்களில் இன்றும் பினே–காமத் தேர்வை வைத்துத்தான் அறிவுத்திறனை அளக்கிறார்கள். அது கன்னடம், மராத்தி பேசும் குழந்தைகளுக்காக உருவானது, 1960-களில் திருத்தப்பட்டது. உசிலம்பட்டியில் வளரும் குழந்தையின் பேச்சையும் புழக்கத்தையும் அதைக் கொண்டு அளந்தால் கிடைக்கும் எண்ணை எவ்வளவு நம்பலாம்? அந்த எண்ணைப் பார்த்துத்தான் சான்றிதழில் குறைபாட்டின் சதவீதம் போடுகிறார்கள், அந்தச் சதவீதத்தைப் பார்த்துத்தான் சலுகை கிடைக்கிறது. தமிழில் தரப்படுத்திய புதிய தேர்வுகள் வேண்டுமென்றால் யாராவது சில நூறு குழந்தைகளோடு உட்கார்ந்து வேலை செய்ய வேண்டும். அதற்கு மாபெரும் தொகை எதுவும் தேவையில்லை.

பக்கத்து மாநிலத்தில் இது நடந்திருக்கிறது. 1987-ல் தொடங்கிய திருவனந்தபுரம் குழந்தை வளர்ச்சி மையம், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்காக 17 கேள்விகள் கொண்ட எளிய அட்டவணை ஒன்றைத் தயாரித்தது. தலை நிற்கிறதா, உட்காருகிறதா என்று அங்கன்வாடிப் பணியாளரே பார்த்துச் சொல்லிவிடலாம். எளிமையான அந்தக் கருவி கேரளத்துக்கு வெளியேயும் பயன்படுகிறது.

எங்களுக்குள் பேசும்போது திரும்பத் திரும்ப எழும் கேள்விகள் உண்டு. தமிழ்நாட்டில் நான்கில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட திருமணங்கள் சொந்தத்துக்குள் நடப்பதைத் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு காட்டுகிறது. "சொந்தத்துல கட்டினதாலதான் இப்படி" என்ற பேச்சைக் கேட்காத தாய் எங்களில் குறைவு. டவுன் சிண்ட்ரோம் பெரும்பாலும் தற்செயலாக வரும் கூடுதல் குரோமோசோமால் ஏற்படுவது, சொந்தத் திருமணத்தால் அல்ல. வேறு சில மரபணுக் குறைபாடுகளுக்கு அந்தத் தொடர்பு உண்மையிலேயே உண்டு. பிரசவத்தில் மூச்சுத் திணறியதாலோ, பிறந்தவுடன் வந்த மஞ்சள் காமாலை முற்றியதாலோ பாதிக்கப்பட்ட பிள்ளைகளும் இருக்கிறார்கள். எந்த மாவட்டத்தில் எந்தக் காரணம் எவ்வளவு என்று தெரிந்தால்தானே தடுக்கக்கூடியதைத் தடுக்க முடியும்? பிறவித் தைராய்டு குறைபாட்டைப் பிறந்த சில வாரங்களுக்குள் கண்டுபிடித்தால் தினமும் ஒரு மாத்திரை கொடுத்தே மூளை பாதிப்பைத் தவிர்க்கலாம்.

அப்புறம், வளர்ந்த பிள்ளைகள். தேசியச் சிறார் நலத் திட்டத்தின் பரிசோதனை 18 வயதோடு நின்றுவிடுகிறது. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு நாற்பது, ஐம்பது வயதிலேயே மறதி நோய் வரும் வாய்ப்பு அதிகம். அந்த நேரத்தில் பெற்றோருக்கு எழுபது தாண்டியிருக்கும். கிராமத்து வீட்டில், வயதான தாயோடு, ஒருவரை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று ஆராய்ந்து சொன்ன தமிழ்க் கையேடு எதுவும் எங்கள் கைக்கு வந்ததில்லை.

இவற்றை ஆராயக்கூடியவர்கள் நம்மிடம் இருக்கிறார்கள். மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்களின் மருத்துவர்கள், முட்டுக்காட்டிலுள்ள பல்வகைக் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனம், ஆய்க்குடி அமர் சேவா சங்கம் போல ஊருக்குள் இறங்கி வேலை செய்பவர்கள், அரசுக் கல்லூரி உளவியல் துறைகள், சிறப்பாசிரியர்கள். ஆனால் மத்திய அமைப்புகளிடம் பெரிய நிதி கேட்டுப் போனால், முன்னோட்ட ஆய்வின் முடிவு எங்கே என்பதுதான் முதல் கேள்வி. முன்னோட்டத்துக்கே பணமில்லாதவர் அங்கேயே நின்றுவிடுகிறார். புத்தொழில் தொடங்குவோருக்கு டான்சீட் என்ற ஆதார நிதித் திட்டம் வழியாக 10 லட்சம் கொடுத்து இதே தடையை நம் அரசு உடைத்திருக்கிறது. அந்த வழியை இங்கேயும் திறக்கலாம்.

ஆண்டுக்கு 2 கோடி ரூபாய் ஒதுக்க வேண்டுகிறோம். ஓர் ஆய்வுக்கு 5 முதல் 10 லட்சம் என்றால் 20 முதல் 40 ஆய்வுகள் தொடங்கும். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016-ன் 28-வது பிரிவு ஆராய்ச்சியை அரசின் கடமையாகவே வைத்திருக்கிறது. 88-வது பிரிவு சொல்லும் மாநில நிதியிலிருந்தோ துறையின் வரவு செலவுத் திட்டத்திலிருந்தோ இதைத் தரலாம். பாதித் தொகையாவது சென்னைக்கு வெளியே போக வேண்டும். ஆய்வு முடிவைப் பெற்றோர் படிக்கும் எளிய தமிழிலும் வெளியிட வேண்டும் என்று நிபந்தனை வைக்க வேண்டும்.

ஒன்றில் மட்டும் நாங்கள் விட்டுக்கொடுக்க மாட்டோம். எங்கள் பிள்ளைகள் சோதனைப் பொருள்கள் அல்ல. அவர்களுக்குப் புரியும் விதத்தில் சொல்லிச் சம்மதம் பெறாமல் ஆய்வு கூடாது என்கிறது அதே சட்டத்தின் 6-வது பிரிவு. ஆய்வுக்கு முன் அனுமதி தரும் குழுவில் பாதிக்குக் குறையாமல் மாற்றுத்திறனாளிகளோ அவர்களது பதிவு பெற்ற அமைப்புகளின் உறுப்பினர்களோ இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. எந்த ஆய்வுக்குப் பணம் என்று தேர்வு செய்யும் குழுவிலும் அவர்களும் பெற்றோரும் உட்கார வேண்டும்.

வரும் நிதிநிலை அறிக்கைக்கான துறை முன்மொழிவுகளில் இதைச் சேர்க்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். தாங்கள் நேரம் ஒதுக்கினால், எங்கள் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு நேரில் வந்து விளக்கத் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பெற்றோர்கள்,
மதுரை மாவட்டம்.

இணைப்பு: பெற்றோர் கையொப்பப் பட்டியல்.