இருக்கும் புத்தகத்தை இல்லை என்று சொல்லும் செயலி: சந்தாவைத் திரும்பக் கேட்டு ஒரு புகார்

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு

பொருள்: உங்கள் தளத்தில் உருவாக்கிய செயலியின் தேடல் முதல் 500 பதிவுகளோடு நின்றுவிடுவது, அதனால் வந்த குளறுபடி, சந்தாத் தொகை ஆகியவை தொடர்பாக.

ஐயா / அம்மா,

தன்னார்வலர்கள் ஏழு பேர் சேர்ந்து நடத்தும் சின்ன நூலகம் ஒன்றின் பொறுப்பாளர் நான். எங்களில் ஒருவருக்கும் நிரல் எழுதத் தெரியாது. 'ஒரு வரி நிரல்கூட வேண்டாம், ஒரு மணி நேரத்தில் செயலி தயார்' என்ற உங்கள் விளம்பரத்தைப் பார்த்துத்தான் ஆண்டுச் சந்தா கட்டினேன். அது பொய் விளம்பரம் என்று சொல்ல வரவில்லை. ஒரு சனிக்கிழமை மாலை உட்கார்ந்து எக்செல் பட்டியலை ஏற்றினேன், 'இரவல் நூலகம்' டெம்ப்ளேட்டைத் தேர்ந்தெடுத்தேன், தேடல் பெட்டியை இழுத்து மேலே வைத்தேன். ராத்திரி சாப்பாட்டுக்குள் செயலி என் போனில் ஓடிக்கொண்டிருந்தது. அன்றைக்கு உங்களைப் பற்றி நாலு பேரிடமாவது புகழ்ந்திருப்பேன். அவர்கள் முகத்தில் இப்போது எப்படி விழிப்பது என்பது தனிக் கவலை.

அப்போது ஏற்றியிருந்தவை முதல் இரண்டு அலமாரிப் புத்தகங்கள் மட்டும், 430. மூன்று வாரம் ஒரு குறையும் இல்லை. அப்புறம் மீதி அலமாரிகளையும் ஏற்றினோம். மொத்தம் 1,116 ஆனது. அங்கேதான் வினை ஆரம்பித்தது.

ஒரு பையன் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தான். அட்டையில் ஒட்டிய சீட்டில் 612 என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது. தலைப்பில் பாதியைத் தட்டினேன். 'அப்படி ஒரு புத்தகம் இல்லை' என்றது செயலி. முழுத் தலைப்பைத் தட்டினேன், இல்லை. ஆசிரியர் பெயரைத் தட்டினேன், அதுவும் இல்லை. பையன் என்னைப் பார்த்தான், புத்தகத்தைப் பார்த்தான், "வேற லைப்ரரி புக்கா இருக்குமோ அக்கா?" என்று அவனே சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டான். ஏற்றும்போது விட்டுப்போயிருக்கும் என்று நினைத்து, அங்கேயே புதிதாக ஒரு பதிவு போட்டு, 'திரும்பி வந்தது' என்று குறித்து அவனை அனுப்பிவைத்தேன்.

மற்ற ஆறு பேரும் அவரவர் முறை வரும் நாட்களில் இதையேதான் செய்துகொண்டிருந்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. புதிய பதிவு எப்போதும் பட்டியலின் கடைசியில் போய் உட்காரும். கடைசியில் இருப்பது தேடலின் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே அடுத்த முறை அதே புத்தகம் வந்தால் மறுபடி 'இல்லை', மறுபடி ஒரு பதிவு. தோட்டக்கலைப் புத்தகம் ஒன்று எங்கள் பட்டியலில் ஏழு முறை இருக்கிறது. அலமாரியில் இருப்பதென்னவோ ஒன்றே ஒன்று.

என் முதல் சந்தேகம் தமிழ் எழுத்தின் மேல்தான் விழுந்தது. 'கொ' என்ற எழுத்தின் கொம்பும் காலும், கணினி எழுத்துகளைப் பதிந்துகொள்ளும் யூனிகோடு முறையில் ஒரே குறியாகவும் பதிவாகலாம், இரண்டு தனிக் குறிகளாகவும் பதிவாகலாம். பார்க்க ஒன்றுபோல இருக்கும். தேடும் மென்பொருள் அதைச் சமன்செய்துகொள்ளாவிட்டால் இரண்டும் அதற்கு வேறு வேறு. அதுதான் காரணம் என்று நம்பி, இரண்டு ராத்திரி உட்கார்ந்து நூற்றுக்கணக்கான தலைப்புகளைத் திரும்பத் தட்டினேன். அத்தனையும் வீண். கடைசியில் மொத்தப் பட்டியலையும் தரவிறக்கிப் பார்த்தபோதுதான் விஷயம் உடைந்தது. 1,274 வரிகள், அதாவது 158 கூடுதல் பதிவுகள். 612-ஆம் புத்தகம் பத்திரமாக அதன் இடத்திலேயே இருந்தது.

உங்கள் உதவிப் பிரிவுக்கு மூன்று முறை எழுதினேன். இணைய இணைப்பைச் சரிபார்க்கவும் என்று முதல் பதில். உதவிப் பக்கத்தின் லிங்க் ஒன்று இரண்டாவது பதில். மூன்றாவது முறைதான் ஒரு மனிதர் பதில் எழுதினார், அவருக்கு நன்றி. சொல்லின் ஒரு பகுதியைக் கொண்டு தேடுவதை உங்கள் சர்வர் செய்யாதாம். முதல் 500 வரிகளைப் போனுக்கு இறக்கி, அவற்றுக்குள் மட்டும் போனே தேடுமாம். 'முழுதும் பொருந்தும் தேடல்' என்று அமைப்பை மாற்றினால் சர்வரே எல்லா வரிகளிலும் தேடுமாம். புத்தகத்தின் தலைப்பை எழுத்துப் பிசகாமல் முழுதாகச் சொல்லிக் கேட்கும் வாசகர் ஒருவரை நான் இதுவரை பார்த்ததில்லை.

சரி, வரம்பு இருக்கட்டும். ஆயிரக்கணக்கான வரிகளைப் போனில் இறக்கினால் போன் திணறும், அது எனக்கும் புரிகிறது. '500 வரிகளில் மட்டும் தேடினேன்' என்று ஒரு வரி காட்டியிருந்தால் அன்றே விழித்திருப்பேன். பார்க்காத இடத்தையும் பார்த்ததுபோல் 'இல்லை' என்று அடித்துச் சொன்னதுதான் என் புகார். இங்கிலாந்தில் 2020-இல் கொரோனா தொற்று உறுதியான 15,841 பேரின் விவரம் தினசரிக் கணக்கில் சேராமல் போனது உங்களுக்கும் தெரிந்திருக்கும். பழைய எக்செல் கோப்பு வகையில் 65,536 வரிகளுக்கு மேல் இடமில்லை. மிஞ்சியவை சத்தமில்லாமல் விடுபட்டுப்போயின. எங்களுடையது புத்தகக் கணக்குதான், உயிர் போகிற காரியமில்லை. ஆனால் தப்பு அதே தப்பு.

'இது வளர்ந்துவரும் தொழில்நுட்பம், சில குறைகள் இருக்கும்' என்றும் அந்தப் பதிலில் ஒரு வரி இருந்தது. நிரல் எழுதத் தெரியாதவர்கள் கணினியைத் தங்கள் வேலைக்கு வளைக்க விசிகால்க் விரிதாள் வந்தது 1979-இல். ஆப்பிள் நிறுவனத்தின் ஹைப்பர்கார்டு மென்பொருள் வந்தது 1987-இல். இன்னும் எவ்வளவு வளர வேண்டுமாம்?

பெரிய தலைக்குனிவு வேறு இடத்தில் வந்தது. புத்தகம் திரும்பி வந்ததைப் புதிய பதிவில் குறித்தோம். பழைய பதிவிலோ அது 'வெளியே இருக்கிறது' என்றே நின்றது. கெடு தாண்டியவர்களுக்கு நினைவூட்டல் அனுப்பும் உங்கள் தானியங்கி வசதி இருக்கிறதே, அதற்கு மட்டும் 500 என்ற வரம்பு கிடையாது போல. புத்தகத்தை ஒழுங்காகத் திருப்பிக் கொடுத்தவர்களுக்கெல்லாம் வாரா வாரம் நினைவூட்டல் போனது. பெரியவர் ஒருவர் ஐந்து நினைவூட்டல்களையும் போனில் காட்டி, "நான் திருடனா அம்மா?" என்று கேட்டார். அதே அலமாரியிலிருந்து அந்தப் புத்தகத்தை எடுத்து அவர் கையில் கொடுத்து மன்னிப்புக் கேட்டேன். அதன் பிறகு அவர் இந்தப் பக்கம் வரவில்லை.

எனக்கு வேண்டியது இவ்வளவுதான். மீதமுள்ள ஏழு மாதங்களுக்கான சந்தாவைத் திருப்பித் தர வேண்டும். தேடல் எல்லா வரிகளையும் பார்க்காதபோது அதைத் திரையிலேயே சொல்ல வேண்டும். உதவிப் பக்கத்தின் அடியில் எழுதி வைத்துவிட்டு 'நாங்கள் சொல்லியிருக்கிறோமே' என்பது ஆகாது. இன்னொன்று, தரவிறக்கிய பட்டியலில் அட்டைப் படங்கள் இல்லை, லிங்க் மட்டும் இருக்கிறது, அதுவும் மறுநாளே திறக்க மறுக்கிறது. எங்கள் பிள்ளைகள் ஒவ்வொன்றாக எடுத்த படங்கள் அவை. அத்தனையையும் ஒரே தொகுப்பாக அனுப்பிவையுங்கள். கணக்கை மூடுவது அதற்குப் பிறகுதான்.

15 நாட்களுக்குள், தானியங்கிப் பதிலாக இல்லாமல், ஒருவர் தம் பெயர் போட்டு எழுதினால் நல்லது. தரவிறக்கிய பட்டியலையும், 612-ஐ 'இல்லை' என்று காட்டும் ஸ்கிரீன்ஷாட்டையும், உங்கள் மூன்று பதில்களையும் இத்துடன் இணைத்திருக்கிறேன். பட்டியலைத் திறப்பவர் கடைசி வரி வரை இறங்கிப் பார்க்கவும்.

இப்படிக்கு,
நூலகப் பொறுப்பாளர்